படைப்பில் ஓர் இலை கூட்டிப் போடுங்கள்

தேவகோட்டைப் பங்காளிகளுக்கும், தாயபிள்ளைகளுக்கும், கட்டிக்கொடுத்துப் போன ஆச்சிமாருக்கும்,



உங்களில் பலரை வருஷத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறேன். முன்னோர் படைப்புக்கு வருகிறீர்கள். இரட்டை வீட்டைத் திறந்து ஒட்டடை அடிக்கிறீர்கள், இரண்டு நாள் தங்குகிறீர்கள், பூட்டிவிட்டுச் சாவியைச் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுபோய்விடுகிறீர்கள். ஊரிலேயே தங்கிவிட்ட சிலரில் நான் ஒருவன். இதுவரை உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கப் போகிறேன். கேட்பதற்கு முன் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அதில் சில வரிகள் உங்களுக்குக் கோபம் வரவழைக்கும். கோபத்தோடேயே படித்து முடியுங்கள்.

போன ஆவணியில் எங்கள் வீட்டுப் பங்காளிகள் கூடி, வீட்டைப் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று ஏறக்குறைய முடிவுக்கு வந்தார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து பழம்பொருள் வியாபாரி ஒருவர் விலை பார்க்க வந்தார். தேக்குத் தூண், நிலைக்கதவு, எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து விலை சொன்னார். இரண்டாம் கட்டின் மேல் அறையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. திறந்தால் உள்ளே பூராவும் காகிதம். “பெட்டிக்கு மட்டும் போட்டுக்கிறேன், காகிதத்தை நீங்களே கொட்டிருங்க” என்றார். கொட்டுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று நான் வாங்கி வைத்துக்கொண்டேன். வங்கியில் கணக்கு எழுதியே காலம் கழித்தவன். கணக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் தூக்கியெறிய எனக்கு மனசு வராது. அவ்வளவுதான் காரணம், எதையும் தேடிப் போகவில்லை.

பெட்டியில் ஆறு பேரேடுகள் இருந்தன. ஐந்து, எங்கள் ஐயா, அதாவது என் தாத்தா, பர்மாவில் பெகுவில் மேலாளாக இருந்த காலத்தவை. தமிழ் எண்ணில், தமிழ் பின்னத்தில் எழுதியவை. மாகாணியும் வீசமும் எனக்கு மறந்துபோயிருந்ததால், எண்பத்தாறு வயது ஆச்சி ஒருவரிடம் உட்கார்ந்து மறுபடி படித்துக்கொண்டேன். 1923ஆம் வருஷத்திலிருந்து மாதம் தவறாமல் ஒரு வரி வருகிறது: “பெகு வீட்டு வகைக்கு.” ஒரு மாதம் 15 ரூபாய், ஒரு மாதம் 20. முதலில் வாடகை என்று நினைத்தேன். ஆனால் கிட்டங்கி வாடகை வேறு பக்கத்தில் தனியாக எழுதியிருந்தது. 1926 கார்த்திகையில் அதே வகையில் இன்னொரு வரி: “மருத்துவச்சிக்கு ரூ. 5.”

அந்த வரிக்கு மேல் அன்று என்னால் படிக்க முடியவில்லை.

நம் ஆட்களைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, அடுத்தாளாகி, மேலாளாகி, முதலாளிக்குக் காலணா பிசகாமல் ஐந்தொகை அனுப்பியவர்கள். ஊருக்குச் சொல்லாததையும் மனைவிக்குச் சொல்லாததையும் கணக்குக்குச் சொல்லாமல் இருக்க அவர்களால் முடியவில்லை. ஐயா அந்தப் பெகுப் பெண்ணைப் பற்றி ஊரில் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. பேரேடு மட்டும் நூறு வருஷமாக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மேல் அறையில் கிடந்திருக்கிறது.

பேரேடுகளுக்கு அடியில் துணியில் சுற்றிய மூன்று காகிதங்கள். முதலாவது, 1936இல் எழுதிய சுவீகாரப் பத்திரம். ஐயா 1934இல் தேவகோட்டையில் காலமானார். இரண்டு வருஷம் கழித்து அப்பத்தா பிள்ளை கூட்டினார். பக்கத்து ஊரிலிருந்து ஒன்பது வயசில் வந்து மஞ்சள் நீர் குடித்து, பெயர் மாற்றிக்கொண்டு, பெற்ற தாயை அன்றிலிருந்து “சின்னாத்தா” என்று கூப்பிட்ட அந்தப் பையன்தான் என்னைப் பெற்ற அப்பச்சி. பத்திரத்தில் “புத்திர சந்தானம் இல்லாமல் காலஞ்சென்றபடியால்” என்று எழுதியிருக்கிறது. கீழே ஏழு பங்காளிகளின் கையெழுத்து. 1868இல் ராமநாதபுரம் சேதுபதி வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பின்படி, புருஷன் அனுமதி எழுதி வைக்காமல் போனாலும், அவர் பங்காளிகள் சம்மதித்தால் நம் பக்கத்துக் கைம்பெண் பிள்ளை கூட்டலாம். அந்த ஏழு கையெழுத்து இல்லாவிட்டால் என் அப்பச்சி இந்த வீட்டுப் பிள்ளை ஆகியிருக்க முடியாது.

இரண்டாவது காகிதம், 1933இல் பெகுவில் எடுத்த ஒரு புகைப்படம். கொண்டையில் பூ வைத்த ஒரு பர்மியப் பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஏழு வயசுப் பையன் சட்டையும் கைலியுமாக நிற்கிறான். பின்புறம் ஐயாவின் கையெழுத்தில் இரண்டு பெயர்கள். அந்தப் பெயர்களை இங்கே எழுதவில்லை. அவர்கள் வழியில் வந்தவர்கள் எங்கேயாவது இருந்தால், அவர்களைக் கேட்காமல் ஊரறிய எழுத எனக்கு உரிமை இல்லை.

சந்தானம் இல்லை என்று ஏழு பேர் கையெழுத்துப் போட்ட பத்திரமும், சந்தானத்தின் படமும் ஒரே துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. ஏழு பேரில் மூன்று பேர் ரங்கூனிலும் பெகுவிலும் கடை வைத்திருந்தவர்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவர்கள் உங்கள் ஐயாக்கள்.

உங்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நான் தள்ளி நிற்கவில்லை. அந்தப் பொய்யால் வாழ்ந்தவன் நான். தே பிரித்தோவில் நான் படித்த படிப்பும், என் தங்கை கல்யாணமும், இந்த வளவில் எங்களுக்கு வந்த பங்கும், பெகுவில் ஒரு பையன் கணக்கில் ஏறாமல் போனதால் கிடைத்தவை. பேரனுக்கு ஐயா பெயரை வைப்பது நம் முறை. எனக்கும் அவர் பெயரைத்தான் வைத்தார்கள். என் உடம்பில் அவர் ரத்தம் ஒரு சொட்டு இல்லை. அந்தப் பெயருக்குரிய பேரன் எங்கோ வேறு பெயரில் வளர்ந்திருப்பான் என்று எண்ணும்போது, அறுபது வருஷத்துக்கு மேல் போட்டுவரும் என் கையெழுத்தே எனக்கு அந்நியமாகத் தெரிகிறது.

இது உங்கள் வீட்டுக் கதை, எங்களுக்கென்ன என்று மற்ற வீட்டுப் பங்காளிகள் நினைப்பீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் ஆண்கள் மூன்று வருஷக் கணக்குக்கு ஒற்றையாகக் கப்பலேறினார்கள். நெடுங்காலம் ஆச்சிமாரைக் கூட்டிப்போகும் வழக்கமே இல்லை. பர்மாவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள். பினாங்கு, மேடான், சைகோன், கொழும்பு வேறு. இத்தனை கடையிலும் எங்கள் ஐயா ஒருவர்தான் வீடு வைத்திருந்தார் என்று உங்களால் நம்ப முடிகிறதா? பர்மியப் பெண்கள் பட்ட பாடு அந்த நாட்டுச் சட்டம்வரை போயிருக்கிறது. வெளிநாட்டு ஆணோடு வாழ்ந்து, கல்யாணமும் செல்லாது, சொத்தும் கிடையாது என்று தெருவில் நின்ற பௌத்தப் பெண்களுக்காகவே 1939இல் அங்கே ஒரு தனித் திருமண, வாரிசுரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டம் யாரை நினைத்து எழுதப்பட்டதோ, அவர்களில் நம் ஐயாக்களும் உண்டு.

அவர்கள் எதற்குப் பயந்து மறைத்தார்கள் என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். சர்க்காருக்குப் பயந்து இல்லை. சென்னை மாகாணத்தில் 1949இல் இருதாரத் தடைச் சட்டம் வரும்வரை நம்மவர் ஒருவர் இரண்டாம் கல்யாணம் செய்யத் தடையே கிடையாது. பயந்தது நமக்கு. ஒன்பது நகரக் கோயில்களில் நம் கோயிலிலிருந்து மாலை வந்தால்தான் கல்யாணம், அப்போதுதான் கோயில் கணக்கில் ஒரு புள்ளி. புருஷன் போனவர் அரைப்புள்ளி. கைம்பெண்ணுக்குக்கூட அரை என்று ஓர் எண் வைத்திருந்த நாம், பெகுக்காரிக்குச் சுழியம்கூடப் போடவில்லை.

எண்பது வருஷமாக நம் வீடுகளில் ஒரு புலம்பலைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். பர்மாவில் எல்லாம் போச்சு. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார் கையில் இருந்தது; நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், 1938க்குள் அது நூற்றுக்கு இருபத்தைந்து ஆனது. வேண்டி வாங்கிய நிலமில்லை, வந்து விழுந்த நிலம் என்பார்கள். அது பர்மிய விவசாயியின் நிலம் என்பதைச் சொல்ல மாட்டார்கள். அப்புறம் 1941 டிசம்பர் 23இல் ரங்கூன்மேல் ஜப்பான்காரன் குண்டு போட்டது, அரக்கான் மலையிலும் மணிப்பூர் வழியிலும் நடந்தே வந்தது, பாதி வழியில் செத்தது, சுதந்திர பர்மா நிலத்தை எடுத்துக்கொண்டது, 1963, 64இல் நே வின் அரசு மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. எல்லாம் நிஜம். நிலத்துக்கு அழுதோம், நகைக்கு அழுதோம், அங்கே விட்டுவந்த தண்டாயுதபாணி கோயில் வெள்ளி வேலுக்கும் அழுதோம். பிள்ளையை விட்டுவந்தோம் என்று எந்த வீட்டு முகப்பிலாவது ஒருவர் அழுது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

1942 என்றால் நம் ஊரில் ஆகஸ்ட் போராட்டம்தான். நீதிமன்றம் எரிந்ததும், துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் விழுந்ததும், திருவாடானைச் சிறையை உடைத்துச் சின்ன அண்ணாமலையை ஜனங்கள் மீட்டதும். தியாகிகள் பெயரில் சாலை வைத்திருக்கிறோம், வைக்க வேண்டியதுதான். அதே வருஷத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் கடைகளைப் பூட்டிக்கொண்டு நம்மவர்கள் கிளம்பியபோது வாசலில் நின்றவர்கள் யார் என்று ஊர் இதுவரை கேட்கவில்லை. பத்து வருஷம் கழித்து, காரைக்குடி மெய்யப்பச் செட்டியாரும் சேர்ந்து தயாரித்த ‘பராசக்தி’ வந்தது. ரங்கூன் அண்ணன்மாரும் மதுரைத் தங்கையும் பிரிந்ததைப் பார்த்து ஊரே கண்ணீர் விட்டது என்று அப்பச்சி சொல்வார். அவரும் அழுதாராம். அவர் எதற்காக அழுதார் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

ஆச்சிமாரே, உங்களிடம் தனியாகச் சில வார்த்தைகள். இதைப் பேசினால் செத்துப்போன அப்பத்தாவுக்கு அவமானம் என்று என் தங்கையே சொன்னாள். நியாயமான பேச்சு. பதினாறு வயசில் இந்த வளவுக்கு வந்து, புருஷனோடு சேர்ந்தாற்போல மூன்று வருஷம்கூட வாழாத பெண் அவர். அவருக்கு நடந்ததும் அநியாயம். ஆனால் ஆறாவது பேரேடு அவருடையது. அவருடைய ஆச்சிமார் பணத்துக்கான கணக்கு. 1934 மார்கழியில், ஐயா போய் மூன்று மாதம்கூட ஆகாதபோது, அதில் முதல் வரி வருகிறது: “பெகு வகைக்கு ரூ. 10.” 1941 ஐப்பசிவரை வருகிறது. அதற்குப் பிறகு உண்டியல் போகவில்லை என்று ஒரு குறிப்பு. சீதனப் பணத்திலிருந்து ஏழு வருஷம் அனுப்பியிருக்கிறார். அதே கையால்தான் சந்தானம் இல்லை என்ற பத்திரத்திலும் கையெழுத்திட்டிருக்கிறார். இதற்கு மன்னிப்பு என்று பெயர் வைக்க எனக்குத் துணிவில்லை. என்ன பெயர் வைப்பது என்றும் தெரியவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது அவர் மடியில் தலைவைத்துத் தூங்கியிருக்கிறேன்; இப்படி ஒருவர் மடியில் தூங்கினேன் என்பது தெரியாமலே தூங்கியிருக்கிறேன். இந்த வரிகளைக் கொட்டியிருந்தால், அப்பத்தாவின் வாழ்க்கையில் மிகப் பெரிய காரியத்தையும் சேர்த்துக் கொட்டியிருப்போம்.

மூன்றாவது காகிதம்தான் எனக்கு ஆறாத புண்.

1958இல் பெகுவிலிருந்து வந்த கடிதம். யாரோ கடிதம் எழுதிக் கொடுப்பவர் தமிழில் எழுதியது. கீழே பர்மிய எழுத்தில் கையெழுத்து. எழுதச் சொன்னவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயசு. பணம் கேட்கவில்லை. பங்கு கேட்கவில்லை. அம்மா போய்விட்டார்கள், அவர்கள் வைத்திருந்த அப்பாவின் படம் சண்டையில் தொலைந்துவிட்டது, ஒரு படம் அனுப்ப முடியுமா, அப்பா இறந்த திதி எது என்று எழுத முடியுமா என்று இரண்டே கேள்விகள்.

கடிதத்தோடு ஓர் உறை இருந்தது. அதன்மேல் பெகு முகவரி, என் அப்பச்சியின் அழகான ஆங்கில எழுத்தில். உள்ளே ஐயாவின் படம், மெழுகுத்தாளில் சுற்றியது. ஒரு துண்டுக் காகிதத்தில் திதி எழுதியிருந்தது. “அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு” என்று தொடங்கி, நான்கு வரியில் நின்றிருந்தது. உறையில் அஞ்சல் தலை ஒட்டவில்லை.

அப்பச்சி நல்ல மனிதர். உங்களில் மூத்தவர்கள் அவரை அறிவீர்கள். கொடுத்த வாக்கை மாற்றாதவர். அவர் ஏன் அஞ்சல் தலை ஒட்டவில்லை என்று எத்தனையோ ராத்திரி யோசித்தேன். வந்த பிள்ளை அவர். ஒன்பது வயசில் ஒரு வீட்டுக்குக் கொடுக்கப்பட்டு, பெற்ற தாயின் சாவுக்குப் பிள்ளையாக நின்று கொள்ளி வைக்க முடியாமல் கூட்டத்தில் ஒருவராக நின்றவர். சிறுகூடல்பட்டி முத்தையா காரைக்குடியில் நாராயணனாகி, பிறகு கண்ணதாசனாகி, தாம் பிள்ளை விடப்பட்ட கதையை ஊரறியச் சொல்லிவிட்டார். எல்லாராலும் அது முடியுமா? “அண்ணன்” என்று எழுதிவிட்டால், தான் உட்கார்ந்திருக்கும் இடம் யாருடையது என்று தானே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும் என்று பயந்திருக்கலாம். அந்த ஏழு கையெழுத்துக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்திருக்கலாம். 1962இல் அங்கே ராணுவ ஆட்சி வந்தது. 1964இல் ஆயிரக்கணக்கானவர்கள் கட்டிய துணியோடு சென்னையில் வந்து இறங்கினார்கள். நமக்கு அரைமணி நேரப் பேருந்துத் தூரத்தில், காரைக்குடியிலேயே பர்மா காலனி உண்டானது. அந்த அண்ணன் அங்கேயே வந்து, அங்கேயே வாழ்ந்து போயிருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. திதி தெரியாத மகன் ஒருவர், எந்த அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்தாரோ.

ஐயாவை நான் மன்னிக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். அவரை மன்னிக்க எனக்கு அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் பெகுவில் ஒரு பெண்ணுக்கும் தேவகோட்டையில் ஒரு பெண்ணுக்கும் இருந்தது. அப்பச்சியை மன்னிக்க எனக்கு உரிமை உண்டு. மன்னித்துவிட்டேன், அந்த நான்கு வரியைப் படித்த அன்றே. ஆனால் அவர் பாக்கி வைத்ததை நான் பாக்கி வைக்க முடியாது. பாக்கியை மகன் தீர்ப்பது நம் குலத் தொழிலின் முதல் பாடம். உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பங்கு கேட்டு வந்துவிட்டால் என்ன செய்வது என்று சிலர் என்னிடம் போனில் கேட்டீர்கள். ஒளிக்காமல் பதில் சொல்கிறேன். செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையும் முறையான பிள்ளையே என்று 1955ஆம் வருஷத்துச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெற்றவரின் பங்கில் அந்தப் பிள்ளைக்கும் உரிமை உண்டு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 1934இல் போனவருக்கு இது பொருந்துமா என்பதை வக்கீல்கள் சொல்லட்டும். அறுபது, எழுபது பங்காளிகள் உள்ள வீடுகள் நம்முடையவை. ஆளுக்கு ஒரு சன்னல் வருமா? அந்தச் சன்னலில் பாதியைக் கேட்டு பெகுவிலிருந்து ஒருவர் வந்தால், என் சன்னலைக் கொடுக்கிறேன். எழுதித் தரவும் தயார்.

இனி நான் கேட்பது.

வீட்டை விற்றாலும் பிரித்தாலும், பெட்டியைத் திறந்து படித்துவிட்டு விற்றுக்கொள்ளுங்கள். பேரேடு, குறிப்பு, மொய் ஏடு, இசைகுடிமானம், கடிதம், படம், ஒன்றையும் கொட்டாதீர்கள். தமிழ் எண் படிக்கத் தெரிந்த ஆச்சிமாரும் அண்ணன்மாரும் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே படித்துவிட வேண்டும். வைக்க இடமில்லை என்பீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர், பழைய புத்தகமும் நோட்டீஸும் அழைப்பிதழும் சேர்த்துச் சேர்த்து வீட்டை நிறைத்தார். 1992இல் அவர் போன பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. அது இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. நம் பக்கத்து மனிதர் ஒருவர் தனி ஆளாகச் செய்ததில் நூற்றில் ஒரு பங்கை இத்தனை பங்காளிகள் சேர்ந்து செய்ய மாட்டோமா?

உங்கள் வீட்டுக் கணக்கில் பெகு வகை, மோல்மேன் வகை, மேடான் வகை, சைகோன் வகை என்று காரணம் சொல்லாத வரி இருந்தால், அதை விரலால் தொட்டுப் படியுங்கள். பெயர் கிடைத்தால் எழுதி வையுங்கள். யாராவது ஒரு பேரனோ பேத்தியோ அங்கிருந்து தேடி எழுதினால், பதில் போடுங்கள். அறுபது வருஷத்துக்கு மேல் பதில் போடாமல் இருந்த வீட்டிலிருந்து சொல்கிறேன், தயவுசெய்து பதில் போடுங்கள்.

கடைசியாக, படைப்பு. வரும் மாசியில் எங்கள் வீட்டுப் படைப்பு. போனவர்களுக்கெல்லாம் சீலையும் வேட்டியும் வைத்து இலை போட்டுப் பெயர் சொல்லிக் கும்பிடுவோம். இந்த வருஷம் ஒரு சீலை, ஒரு கைலி, ஓர் இலை கூடுதலாக வைக்க உங்களிடம் உத்தரவு கேட்கிறேன். புகைப்படத்தின் பின்னால் உள்ள இரண்டு பெயர்களையும் அன்று, பங்காளிகள் முன்னால், நான் வாய்விட்டுச் சொல்வேன். பையனின் கதி தெரியாதே, உயிரோடு இருந்தால் அபசகுனம் அல்லவா என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். உயிரோடு இருந்தால் அவருக்கு இப்போது ஏறக்குறைய நூறு வயசு ஆகியிருக்கும். அப்படி இருந்தால், இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியும் உறையும் முகப்பில் இருக்கும். அப்பச்சி நான்கு வரியில் நிறுத்திய கடிதத்துக்குக் கீழே மிச்சத்தை நான் எழுதி வைத்திருப்பேன். அதில் உங்கள் கையெழுத்தும் வேண்டும். ஏழு பேர் போட்ட இடத்தில் ஏழு பேராவது போடுங்கள். மேல் அறையில் இன்னும் நான்கு பெட்டிகள் உங்கள் பூட்டோடு கிடக்கின்றன. வரும்போது சாவியை மறக்காமல் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
ஐயா பெயர் தரித்த உங்கள் பங்காளி
தேவகோட்டை